கண்ணைப் பார்த்துப் பேசாதவர்

மோட்டலின் சலவை அறையில் ஆவி கண்ணை மறைத்தது. யூலா ஹட்சன் ஈரம் போகாத விரிப்பை இழுத்துப் பிடித்து இஸ்திரி போட்டுக்கொண்டே, வக்கீல் ஆர்லெட்டாவை ஏறிட்டும் பார்க்காமல் கேட்டார். "இருபத்திரண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

ஆர்லெட்டா ஒரு தாளை நீட்டினாள். அலபாமாச் சிறையில் டெல்ராய் பெட்வேயின் உயிருக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அவன் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு அழைக்கப்பட்ட கறுப்பர்கள், யூலா உட்பட ஒன்பது பேரையும், அன்றைய அரசு வக்கீல் ஒருவர் விடாமல் கழித்துக் கட்டியிருந்தார். மிஞ்சிய பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் அவனுக்குச் சாவு எழுதிவிட்டுப் போனார்கள். யாரை எதற்குக் கழித்தார் என்று அவர் கைப்பட எழுதிய குறிப்பு இப்போதுதான் கிடைத்தது. யூலாவின் பெயருக்கு எதிரே, 'கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. நம்ப முடியாது.'

"வெள்ளைக்காரன் முன்னால தரையைப் பாத்து நில்லு, உசுரோட வீடு வந்து சேரலாம்னு சொல்லிச் சொல்லி வளர்த்தாரு எங்கப்பா. அதுவும் குத்தமாப் போச்சா?"

"உங்களுக்கு அடுத்த பேருக்கு 'முறைக்கிறார்'னு எழுதியிருக்கு, யூலாம்மா."

"நல்ல கூத்து! பாத்தாலும் குத்தம், பாக்காட்டியும் குத்தம்!" அவர் சிரித்தார். பிறகு இஸ்திரியை நிமிர்த்தி வைத்தார். "நான் வந்து சொன்னா அந்தப் புள்ள பொழைப்பானா?"

"மத்த எட்டுப் பேரும் வரமாட்டேன்னுட்டாங்க. உங்களை விட்டா எனக்கு வேற சாட்சி கிடையாது."

கோர்ட் அறை பட்டப்பகலிலேயே இருண்டு கிடந்தது. நீதிபதியின் தலைக்கு மேலே அந்தப் பழைய அரசு வக்கீலின் ஓவியம் தொங்கியது. பின்னாளில் அவரும் இதே நாற்காலியில் நீதிபதியாக உட்கார்ந்தவர். செத்து ஆறு வருடம் ஆகிறது. ஆர்லெட்டா எங்கே நகர்ந்தாலும் அந்தக் கண்கள் கூடவே வந்தன. வேண்டுமென்றே இரண்டு எட்டு தள்ளி நின்று பார்த்தாள். அங்கேயும் வந்தன.

யூலா தொப்பியும் கஞ்சி போட்ட உடுப்புமாக வந்து, கேட்டதற்கெல்லாம் திடமாகப் பதில் சொன்னார். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். "ஜட்ஜ் ஐயாவைப் பாத்துச் சொல்லுங்கம்மா."

யூலா தலையை நிமிர்த்தினார். பார்வை நீதிபதியைத் தாண்டி மேலே போய் நின்றது. "இன்னும் என்னையேதான் பாக்குறாரு" என்று முனகினார். அதன் பிறகு அவர் பார்வை தரையை விட்டு எழவே இல்லை. ஆர்லெட்டா குதித்தெழுந்து, அந்தப் பயம்தான் இந்த வழக்கே என்று தொண்டை கட்ட வாதாடினாள். நீதிபதியின் பேனா மட்டும் கரகரவென்று ஓடியது.

ஐந்தாம் நாள் உத்தரவு வந்தது. 'சாட்சி கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. நம்ப முடியாது. மனு தள்ளுபடி.' பழைய குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை மாறவில்லை. செத்தவர் கை வந்து எழுதிவிட்டுப் போனதோ என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் சிறையில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டெல்ராய் டெலிபோனைக் காதில் வைத்தான்.

"என்ன எழுதியிருக்காங்க, வக்கீலம்மா?"

அவள் உத்தரவுத் தாளை மடித்தாள்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

ஆர்லெட்டா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.