பால்கனியில் ஓர் இளஞ்சிவப்பு ஏரி

குகனின் மனைவி அதிராவுக்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் இளஞ்சிவப்பு உப்பு ஏரியின் மேல் ஒரு கண். கல்யாணம் ஆனதும் போவதாகத்தான் பேச்சு. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு வாங்கியதில் பயணம் தள்ளிப்போய்விட்டது.

"நாம போகலைன்னா என்ன, ஏரி இங்க வரட்டும்லா" என்றாள் அதிரா. அவள் கணக்கு எழுதும் இறால் பண்ணையிலிருந்து, உப்புத் தண்ணீரில் சிவக்கும் என்று கேள்விப்பட்ட பாசியை ஒரு பாட்டில் கொண்டுவந்து, கண்ணாடித் தட்டில் உப்புத் தண்ணீரோடு ஊற்றினாள். தீபாவளிக் கோலத்தின் நடுவே ஏரி இருக்கும் என்று பண்ணை முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

பாசியோ பச்சையாகவே இருந்தது. அவளும் விடவில்லை. நிழலில் வைத்தாள், சத்து ஊற்றினாள், தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டாள். இரண்டு வாரப் பயிற்சிக்கு ஜொகூர் கிளம்பும்போது, "பத்திரம்" என்று குகனிடம் ஒப்படைத்தாள்.

குகன் ஹாலுக்குச் சாயம் அடிப்பதற்காகத் தட்டைத் தூக்கிப் பால்கனியில், சூட்டை வெளியே தள்ளும் ஏர்கோன் பெட்டிக்கு முன்னால் வைத்தான். வைத்ததோடு சரி. அவள் திரும்பும் நாள் காலையில்தான் ஞாபகம் வந்தது. வெயிலிலும் சூட்டுக்காற்றிலும் இத்தனை நாள்! செத்தே போயிருக்கும். எட்டிப் பார்க்கவும் துணிவில்லாமல் கடைக்கு ஓடி, ஒரு பாட்டில் ரோஸ் சிராப் வாங்கிவந்தான். நாலு சொட்டு விட்டுச் சிவப்பாக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது?

பால்கனிக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். தண்ணீர் பாதியாக வற்றியிருந்தது. ஓரமெல்லாம் உப்பு. நடுவில், அசல் இளஞ்சிவப்பில் ஏரி.

அந்த நேரம் பார்த்துத்தானா அதிரா பெட்டியோடு வரவேண்டும்! ஏரியைப் பார்த்து மலர்ந்த முகம், அவன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்ததும் சுருங்கிவிட்டது.

"கலந்துட்டீங்களா?"

"சத்தியமா இல்ல, அதி!"

"அப்புறம் சிராப் எதுக்கு?"

பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தாள். மூடியின் சீல் உடையவில்லை. உடனே பண்ணை ஆய்வுக்கூடத்தில் இருக்கும் தோழி சலேஹாவுக்கு வீடியோவில் தட்டைக் காட்டினாள். சலேஹா விழுந்து விழுந்து சிரித்தாள். நிழலும் சத்தும் தாராளமாகக் கிடைத்தால் அந்தப் பாசி பச்சையாகவேதான் இருக்குமாம். தண்ணீர் வற்றி உப்பு ஏறி, வெயிலும் காய்ந்தால்தான், தன்னைக் காத்துக்கொள்ளக் கேரட்டில் இருக்கும் அதே நிறச்சத்தை உடம்பில் சேர்த்துக்கொள்ளுமாம். அந்த மாதிரி ஏரிகளின் நிறத்துக்கு இந்தப் பாசியும் உப்பில் வாழும் வேறு சில நுண்ணுயிர்களும்தான் காரணமாம்.

"நான் பார்த்துப் பார்த்து வளர்த்தேன், ஒண்ணும் ஆகல. நீங்க மறந்தே போனீங்க, சிவந்துடுச்சு!" என்ற அதிரா, சிராப்பை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுக்குப் பதில் இன்னும் வரல."

"ஏமாத்தத்தான் வாங்கினேன்" என்றான் குகன். "நீ அழுதா என்னால தாங்க முடியாது."

அதிரா சிரித்தாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குகனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தீபாவளியன்று கோலத்தின் நடுவே ஏரி மினுங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் சிராப்பில் பால் கலந்து, ஏரியின் நிறத்திலேயே பண்டோங் கொடுத்தான் குகன். சலேஹா ஏரியையும் கையிலிருந்த டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பயப்படாம குடி" என்றாள் அதிரா. "ரெண்டுமே என் வீட்டுக்காரர் செஞ்சதுதான்."