சத்தம் வேணாம்மா

மழை. தகரக் கூரையில் மழை. தெருவெல்லாம் சிவப்புக் காகிதம் நனைந்து ஊறிக் கிடக்கும் ஐப்பசி மழை.

தீபாவளியன்று மழை பெய்தால்தான் அப்பா தூங்குவார். ஊரே வானத்தைத் திட்டும். அவர் மட்டும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவார்.

மழை இல்லாத தீபாவளியில் கட்டிலுக்கு அடியில் கிடப்பார். அறுபத்தைந்தில் பாகிஸ்தான் சண்டைக்குப் போய் மெடலோடு திரும்பிய துரைக்கண்ணு, என்னைப் பெற்றவர், காதைப் பொத்திக்கொண்டு நடுங்குவார். எனக்கு அழுகையும் வரும், எரிச்சலும் வரும்.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள். தம்பி பாண்டுரங்கனுக்கு அப்போது பத்து வயது. விளையாட்டாக அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் அணுகுண்டு வெடியைப் பற்றவைத்தான்.

அப்பா திரும்பியதுதான் தெரியும். பிள்ளை மண்ணில் கிடந்தான். முதுகில் முழங்கால். கழுத்தில் பிடி. அம்மா உலக்கையால் அப்பாவின் தோளில் அடித்தாள். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. பிடி விடவில்லை. மறுபடி அடித்தாள். யார் கழுத்து என்று அப்போதுதான் பார்த்தார்.

தம்பி பிழைத்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வெடி கிடையாது. அவன் அப்பாவிடம் பேசியதும் கிடையாது.

வெடிச் சத்தம் ஏன் ஆகாது என்று அப்பா என்னிடம் மட்டும் சொன்னார், படுத்த படுக்கையான பிறகு. சண்டை நடந்தது கரும்புக் காடாம். ஆள் உயரத்துக்கு மேலே கரும்பாம். குண்டு விழுந்து தீப்பிடித்ததாம். உள்ளே கன்னியப்பன், அவரோடு பட்டாளத்தில் இருந்த எங்கள் பக்கத்து ஊர்க்காரர், கால் சிதறிக் கிடந்தாராம்.

"எரியற கரும்பு படபடன்னு வெடிக்கும்மா. சரவெடியேதான். 'துரை, துரை'ன்னு கூப்புடறான். எந்தப் பக்கம்னு தெரியல. வெடிக்கற சத்தத்துல ஒண்ணுமே தெரியல. ஓடறேன், தேடறேன். அவன் குரல் அப்படியே அமுங்கிப் போச்சு."

என் கையைப் பிடித்தார். "என்னைத் தூக்கறப்ப வெடி வேணாம்மா. மோளம் வேணாம். அவன் கூப்புட்டா எனக்குக் கேக்கணும்."

சத்தியம் செய்தேன்.

தையில் போனார். மழை இல்லாத தை. பாழாய்ப்போன வெயில் பளீரென்று அடித்தது.

வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரன் இருக்கிற ஊர் எங்களுடையது. வேட்டு எவ்வளவோ மரியாதை அவ்வளவு. வாசலிலிருந்து தெருமுனை வரை தம்பி சரவெடியை விரித்துவிட்டான்.

"வேணாண்டா பாண்டு. அப்பா கேட்டுக்கிட்டாருடா."

"என் தீவாளியெல்லாம் தின்னுட்டுப் போயிட்டாருக்கா. இன்னிக்கு வெடிப்பேன். எவன் தடுப்பான்?"

அப்பாவைக் குளிப்பாட்டி மிஞ்சிய தண்ணீர் அண்டாவில் இருந்தது. குடம் குடமாக மொண்டு சரத்தின் மேல் ஊற்றினேன். அறைந்தான். உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு இன்னொரு குடம் ஊற்றினேன்.

காய்ந்த நுனியைத் தேடித் தெருமுனைக்கு ஓடினான். தீக்குச்சியைக் கிழித்தான். பாய்ந்து கழுத்தைப் பிடித்தேன். அப்பா பிடித்த அதே கழுத்து. கண் பிதுங்கியது. அவருடைய பிடி எனக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்து பயந்து போனேன்.

"கரும்புக்குள்ள ஒரு மனுசன் எரிஞ்சாண்டா! கூட்டாளிடா! இந்தச் சத்தத்துலதான் அப்பா அவனத் தொலைச்சாரு! கடைசியா அவன் கூப்புட்டாக் கேக்கணும்னாருடா!"

தீக்குச்சி அவன் விரலைச் சுட்டு அணைந்தது. கையை விட்டேன். இருமினான். இருமி இருமி அழுதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்தாளு?"

பிறகு அவனே போய் மேளக்காரர்களின் கோலை இறக்கச் சொன்னான். அவனே முன்னால் தோள் கொடுத்தான்.

தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். நின்றேன். வெயில் அடிக்கிற தெருவில் சிவப்புக் காகிதம் நனைந்து ஊறிக் கிடந்தது. அதன்மேல் பாடை போனது. ஒரு சத்தம் இல்லை. யாராவது கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.