சஹனிலிருந்து எழுந்த காரணம்

அன்று திகன வீட்டின் முன் அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்காரர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார், அவர் மனைவி ஹிதாயா, மகள் இன்ஷிரா; கடுகண்ணாவையிலிருந்து பெண் பேச வந்த ஃபாஸில், அவர் மனைவி ருஷ்தா, மகன் ஹுதைபா; இரு வீட்டையும் சேர்த்துவைத்த தரகர் முஹ்ஸின். எட்டாவதாக ஒருவரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகப் பின்னால் கதை சொன்னவர்களை நம்ப வேண்டாம்.

இன்ஷிரா பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறாள். அவள் திருத்தி முடிக்காத பயிற்சித் தாள்கள் மேசையில் கிடந்தன. பயங்களுக்குப் பெயர் வைக்கவும் விலங்குகளைப் பன்மையாக்கவும் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். ஃபாஸில் ஒரு தாளை எடுத்து உரக்க வாசித்தார்.

"அட்டைக்குப் பயந்தால் அட்டையச்சம். கணக்கு டீச்சருக்குப் பயந்தால் பெருக்கலச்சம். நல்லா ஈக்கே! இஞ்ச பாருங்க, குரங்குக்குப் பன்மை குரங்குமாராம்!"

"மாமிமார், மச்சான்மார் மாதிரி," என்றாள் இன்ஷிரா. "எழுதினவன்ட்ட ஏனெண்டு கேட்டன். 'கேக்காம வீட்டுக்குள்ள வந்து திண்டுட்டுப் போறாங்க தானே டீச்சர், சொந்தக்காரங்க மாதிரி' எண்டான்."

"எங்கட கூரையிலயும் குரங்குமார்தான். ஓடெல்லாம் ஒடச்சிட்டாங்க," என்றாள் ருஷ்தா.

"அப்ப அவங்க பொண்ணு வீட்டாக்கள்," என்றார் முஹ்ஸின். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்போடு சிரிப்பாக ஹுதைபாவும் சொல்லிவிட்டான்: "எனக்கு உயரம் எண்டா பயம். ஏணியில மூணாவது படிக்கு மேல கால் போகாது. அதுக்கு என்ன பேர் வைப்பீங்க டீச்சர்?"

இன்ஷிரா வாய் திறக்குமுன் ஹாஜியார் முந்திக்கொண்டார். "அதுக்கெல்லாம் பேர் வைக்கத் தேவையில்ல தம்பி. எங்கட பரம்பரையில பயந்த ஆம்பிள ஒருத்தனும் இல்ல."

சிரிப்பு அப்படியே நின்றது. ஹுதைபா தரையைப் பார்த்தான். இன்ஷிரா தாள்களை அடுக்கத் தொடங்கினாள். தாம் சொன்னதில் ஹாஜியாருக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரம் ஆண்கள் நால்வரும் ஒரு சஹனைச் சுற்றிப் பாயில் அமர்ந்தார்கள். ஒரே தாலத்தில் சோறு, நடுவில் இறைச்சி. விருந்தாளி உண்டு முடித்துக் கையெடுக்குமுன் வீட்டுக்காரர் சஹனிலிருந்து கையெடுக்கக் கூடாது. எடுத்தால், உங்களோடு உண்ண மனமில்லை என்று பொருள். ஊரில் நாலு பேருக்கு இந்த ஒழுங்கை எடுத்துச் சொல்கிறவரே ஹாஜியார்தான்.

மூன்றாவது கவளத்தில், மடித்திருந்த காலை மெத்தென்று ஏதோ உரசியது. குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டுப் பூனை. கையிலிருந்த சோறு சிதற, எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. பூனை கதவு இடுக்கால் ஓடிவிட்டது. வேறு ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"என்ன ஹாஜியார்?" என்றார் ஃபாஸில்.

"ஒண்டுமில்ல. எனக்குப் போதும்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கதவின் கீழிடுக்கில் ஒரு துவாயைச் செருகினார். மறுபடி கதவைத் திறக்குமுன் வெளியே வேன் புறப்படும் சத்தம் கேட்டது. விருந்தின் கடைசி இனிப்பான வட்டிலப்பம் வெட்டப்படாமலே இருந்தது.

மறுநாளே ஊரில் கதை கிளம்பியது: கோழையோடு ஒரே சஹனில் உண்ண மாட்டேன் என்று ஹாஜியார் எழுந்துவிட்டாராம். கடைத்தெருவில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஆம்பிள எண்டா நீங்கதான்" என்றார். ஹாஜியார் மறுத்துப் பேசவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்த உள்ளங்கை கூசியது.

"முப்பது வருஷமா இந்த வாசல்ல பூனைய அண்டவிடல்ல நான்," என்றாள் ஹிதாயா. "ஏனெண்டு ஒருத்தருக்கும் செல்லவுமில்ல. ஆனா இது புள்ளட வாழ்க்க. அவளுக்கு அந்தப் பொடியனப் புடிச்சீக்கி."

இன்ஷிரா தந்தைக்குத் தேநீர் வைத்துவிட்டுப் போனாள். அவள் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் பஸ் ஏறிக் கடுகண்ணாவைக்குப் போனார். கதிரையில் உட்காராமல் நின்றபடியே ஃபாஸிலிடம் நடந்ததைச் சொன்னார்.

ஃபாஸில் கதிரையை அவர் பக்கம் நகர்த்திவைத்தார். பிறகு, "எனக்குச் சரி ஹாஜியார். ஆனா என்ட மகன ஊரே கோழை எண்டு செல்லுது. வெளிய போகவே வெக்கப்படுறான். அத யாரு அழிக்கிற?" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் முஹ்ஸினைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஹாஜியார் வருவதைக் கண்டு மரியாதையாக வழிவிட்டார்கள். அந்த மரியாதையைப் பெறும் கடைசி நாள் இது என்று அவருக்குத் தோன்றியது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நான் சஹன்லேர்ந்து எழும்பினது அந்தப் பொடியன வேணாமெண்டு இல்ல. அது பொய். காலுக்குள்ள பூனை வந்திச்சி. எனக்குப் பூனைக்குப் பயம். வேற காரணம் ஒண்டுமில்ல."