அப்பாவின் காதுக்கு வைத்த எண்

பானுப்பிரியா வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. அவள் அப்பா ஊர்க்காவலன், சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் லோடுக்கு நாலு வெடி எடுத்துக் கொளுத்திப் பார்க்கிறவர். இருபது வருஷம் வெடிக்குப் பக்கத்தில் நின்றால் காது என்னத்துக்கு ஆகும்? முக்கால்வாசி போய்விட்டது.

2008 ஏப்ரலில் அவளுக்கு என்ஜினியரிங் கடைசி புராஜெக்ட். ரேடியோ நிலையத்தின் வேலையைக் கம்ப்யூட்டர் புரோகிராமே செய்ய வேண்டும். புரோகிராம் அலையை எண்களாகக் கணக்குப் போடும். ஒரு போர்டு அதை நிஜ அலையாக்கி வயரில் விடும். ஏ.எம். என்றால் குரலுக்குத் தக்கபடி அலையின் உயரம் கூடிக் குறையும். எஃப்.எம். என்றால் உயரம் அப்படியே இருக்க, அதிர்வெண் அசையும். தேறினால் சென்னையில் வேலை காத்திருக்கிறது. தவறினால் வெடிக்குத் திரி சொருகப் போக வேண்டியதுதான்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் போர்டையும் புரோகிராம் இருந்த லேப்டாப்பையும் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வாங்கி வந்தாள். வீட்டு ரேடியோவில் ஏ.எம். மட்டும்தான் எடுக்கும். பக்கத்தில் ஒரு முழ வயரை வைத்து, மைக்கில், "அப்பா, கேக்குதா?" என்றாள்.

"ஒண்ணும் கேக்கலைத்தா. கூட்டி வை."

ரேடியோத் திருகு ஏற்கெனவே கடைசியில் நின்றது. அதனால் புரோகிராமில் குரலின் அளவைக் கூட்டினாள். 0.8, 1, 1.2. 1.4 வைத்ததும் அப்பா முகம் மலர்ந்தது. "இப்பத்தான்த்தா சத்தம்!"

குரல் கரகரத்தது. கிழட்டு ரேடியோ, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். பட்டாசு ஊர்க்காரிக்குச் சத்தம் பெரிதென்றால் சரக்கு நல்ல சரக்கு.

மறுநாள் வெளிக் கல்லூரியிலிருந்து லட்சுமிகாந்தம் என்பவர் கேள்வி கேட்க வந்தார். எஃப்.எம். சுத்தமாகக் கேட்டது. ஏ.எம். போட்டதும், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல வந்தது.

"பத்து நிமிஷம் தர்றேன். சரி பண்ணலைன்னா ஏ.எம். செய்யலைன்னு எழுதிருவேன்."

அவள் வயரை மாற்றினாள், மைக்கை மாற்றினாள், ஒன்றும் பலிக்கவில்லை. பிறகுதான் புரோகிராமில் 1.4 கண்ணில் பட்டது. ஏ.எம்.மில் குரலின் அளவு ஒன்றைத் தாண்டினால் அலையின் உயரம் பூச்சியத்துக்குக் கீழே போய் மடங்கும், குரல் கிழியும். 0.8 என்று மாற்றினாள். குரல் தெளிந்தது.

"இது முதல் பாடமாச்சேம்மா. எதுக்கு ஒண்ணுக்கு மேல வச்ச?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எங்கப்பாவுக்குக் காது கேக்காது சார். அவுக கேக்கணும்னு வச்சேன். குறைக்க மறந்துட்டேன்."

அவர் மார்க்குத் தாளில் எழுதினார். பிறகு, "பாஸ்தான், போ," என்றார்.

அவள் வீட்டு வாசலிலிருந்தே கத்தினாள். "பாஸாயிட்டேம்ப்பா!"

"என்னத்தா?"

மூன்றாம் தடவை கத்தியதில் தெருவே திரண்டுவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு விஷயம் விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருமுனை வரை கேட்கிற குரலில் கேட்டார்:

"கேள்வி கேக்க வந்த சாருக்கு நல்லாக் கேட்டுச்சாத்தா?"