அறுந்தது தெரியாத வயர்

அந்த ஒன்பது மாடிக் குடியிருப்பில் லிஃப்டுக்குப் போகும் வயர் அறுந்து பதினோரு வருடம் ஆகிறது. லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒருமுறை நின்றதுகூட ஐந்தாம் மாடி வக்கீலின் புது சோபா கதவில் சிக்கியதால்தான். அதற்கு வயரைக் குறை சொல்ல முடியாது.

அறுத்தவள் கத்தரிக்காரி. கட்டடத்தின் மின்வேலை முழுவதையும் அவளும் அவள் கணவரும்தான் பார்த்துக்கொண்டார்கள். அவள் கையில் இருந்தது எலக்ட்ரீஷியன் கத்தரி: உள்ளங்கையில் அடங்கும் நீளம், கட்டையான அலகு, அலகின் அடியில் வயரின் தோலை உரிக்க இரண்டு பள்ளம், முதுகில் அரம்போலக் கோடுகள். அவர் கையில் இருந்தது ஸ்னிப் என்கிற வயர்வெட்டி: சிவப்பு ரப்பர் பிடி, நடுவில் ஸ்பிரிங், வேலை முடிந்ததும் வாயைக் கட்டிப்போட ஒரு கொக்கி. அதனாலேயே அவருக்கு ஸ்பிரிங்காரர் என்று பெயர் வந்தது. எது மேல் என்ற வழக்கு கல்யாணமான மறுநாள் காலையில் தொடங்கியது. அவர் கட்சி, சுகம். அழுத்தினால் போதும், தானே திறந்துகொள்ளும், நாள் முழுக்க வெட்டினாலும் சாயங்காலம் டீ டம்ளரை நடுங்காமல் பிடிக்கலாம் என்பார். அவள் கட்சி, உழைப்பு. ஒரே கத்தரி வெட்டும், உரிக்கும், துருவைச் சுரண்டும். அவருடைய ஸ்பிரிங் தெறித்த ஸ்னிப்களைப் போட்டுவைக்கவே வீட்டில் ஒரு பரண் நிறைந்துவிட்டது, அவளோ கல்யாணத்துக்கு முன் வாங்கியதையே திருகாணியை இறுக்கி இறுக்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியின் வளையம் அவள் கட்டைவிரலில் பதித்திருந்த தழும்பு, கல்யாண மோதிரம் பதித்ததைவிட ஆழம்.

“அதுல விரலை விட்டா விலங்கு மாட்டின மாதிரில்ல இருக்கு” என்பார் அவர்.

“உங்க ஸ்னிப்பும் உங்களை மாதிரிதான். கொக்கி போடலைன்னா வாயைத் திறந்துக்கிட்டே இருக்கும்” என்பாள் அவள்.

வெட்டும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. ஸ்னிப் டக்கென்று கடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துத் தெரு பல்புகள்கூடக் கண் சிமிட்டும். கத்தரி வெட்டுவதோ வெட்டுப்பட்டதற்கே தெரியாது. மேசை விளக்கின் வயரை அவள் நறுக்கினால், இரண்டு துண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்க, விளக்கு பாட்டுக்கு எரியும். ஒருமுறை அவசரத்துக்குக் கணவருக்கு அதிலேயே முடி வெட்டிவிட்டாள். குப்பைக்கூடையில் கிடந்த முடி மாதக்கணக்கில் வளர்ந்து மூடியைத் தூக்கியது. இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை, அறுந்த உண்மையை அந்த அறுந்ததன் காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது. மொட்டைமாடியில் அவள் தெரியாமல் நறுக்கிய துணிக்கொடி, ஈரப் போர்வைகளைச் சுமந்தபடி ஒரு வாரம் அந்தரத்தில் நின்றது. காவலாளியின் மனைவி வந்து, “ஐயோ, கொடி அறுந்து கிடக்கே” என்றாள். சொல்லி வாயை மூடுவதற்குள் போர்வைகள் தரைக்கு வந்துவிட்டன. அதிலிருந்து கத்தரிக்காரி ஒவ்வொரு வயரையும் நறுக்கியதும் அதைப் பார்த்து “அறுந்துட்ட” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். பாதுகாப்புக்காகத்தான்.

டேப் சுற்றுவதிலும் இருவருக்கும் ஒத்துப்போகாது. வெட்ட வேண்டிய வயருக்கு அவர் டேப் சுற்றுவார். வெட்டக் கூடாத வயருக்கு அவள் சுற்றுவாள். சுற்றியவரே வெட்டிக்கொண்டிருந்தவரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை.

கல்யாண நாளுக்கு அவர் ஆசையாக அவளுக்கும் ஒரு ஸ்னிப் வாங்கி வந்தார். அவள் அதை வைத்து வேர்க்கடலை உடைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. அந்த வாரம்தான் லிஃப்டுக்குப் புது வயர் இழுத்தார்கள். பிரேக்கைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்ததால், ஏழாம் மாடியில் நின்ற காலிக் கூண்டை மோட்டாரின் பிடி மட்டுமே தாங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் பழைய, செத்த வயர்களுக்கு டேப் சுற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அவள் முதலில் வந்தாள். பேசினால்தானே கேட்பதற்கு? மேலே மோட்டார் அறையில் டேப் இல்லாத ஒற்றை வயரை, அதாவது மோட்டாருக்கு மின்சாரம் போகும் புது வயரைப் பிடித்து, பஞ்சை நறுக்குவதுபோல நறுக்கினாள். வழக்கம்போல “அறுந்துட்ட” என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

கீழே கூண்டுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது.

யாரும் ஏறக் கூடாது என்று தானே எழுதி மாட்டிய அட்டையைத் தானே நகர்த்திவிட்டு, ஸ்பிரிங்காரர் உள்ளே போய் விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அறுந்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. கத்தரிக்காரி திறந்த வாயை மூட மறந்து நின்றாள். அவள் முதுகில் வழிந்த வியர்வை, படிக்கட்டில் இரண்டு மாடி இறங்கிப் போயிருக்கும்.

“என்னங்க” என்றாள், கயிறு போகும் ஓட்டை வழியாக. “கொஞ்சம் வெளிய வாங்க.”

“அடேயப்பா, பேச்சு வந்துடுச்சா! எதுக்கு?”

“சும்மாதான். வாங்களேன்.”

“சும்மா நீ கூப்பிட மாட்டியே. என்ன, உன் கத்தரி சொதப்பிடுச்சா? எதையாவது தப்பா அறு—”

கையில் கிடைத்த ஸ்பானரை அவள் இரும்புத் தகட்டில் ஓங்கி அடித்தாள். கட்டடமே அதிர்ந்தது. கூண்டு ஒரு விரற்கடை இறங்கி, யோசித்து, நின்றது.

அவருடைய வாயை அவளுக்குத் தெரியும். ஆபத்து என்றால் என்ன ஆபத்து என்பார். காரணம் சொல்லாவிட்டால் அவரே கண்டுபிடித்து ஒன்பது மாடிக்கும் கேட்கக் கத்துவார். அத்தனை வருடமாக அவள் ஜெயிக்கக் காத்திருந்த வழக்கு அந்த நிமிடம் ஜெயித்துவிட்டிருந்தது. ஓடுகிற மின்சாரத்துக்கே தெரியாமல் வெட்டிய கத்தரி இந்த உலகத்தில் வேறு எவளிடம் இருக்கிறது? அதைச் சொன்னால் புருஷன் போய்விடுவார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“கை வலிக்குதுங்க” என்றாள். “கத்தரி ஒத்துவரலை. நீங்க சொன்னதுதான் சரி. ஸ்னிப்தான் நல்லது. உங்களோடதைக் கொஞ்சம் கொண்டாந்து குடுங்க.”

கீழே விசில் நின்றது. “என்ன சொன்ன? காதுல சரியா விழலை. இன்னொரு தடவை சொல்லு.”

“ஸ்னிப்தான் நல்லது.”

“சுகமா, உழைப்பா?”

“ரெண்டும்தான். ஏறி வாங்க, சாமி.”

அவர் ஒரு காலை வெளியே வைத்தார். திருப்புளியை மறந்துவிட்டதாக மறுபடி உள்ளே போனார். அந்தக் கொஞ்ச நேரத்தில் கத்தரிக்காரியின் தலைமுடியில் பாதி நரைத்தது. எட்டாம் மாடி டாக்டரே பிறகு பார்த்து உறுதிசெய்தார். கடைசியில் செருப்புச் சத்தம் படியேறி வந்தது. ஸ்னிப்பைச் செங்கோல்போல நீட்டியபடி, முகமெல்லாம் பல்லாக வந்தவர், உறுமும் மோட்டாரைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. தழும்பு விழுந்த கையால் அவள் அதைப் பொத்தினாள். பிரேக் பட்டறையிலிருந்து வந்து மாட்டப்படும்வரை, அதாவது சாயங்காலம்வரை, அந்தக் கையை எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட விரலிடுக்கு வழியாகத்தான் ஊட்டினாள்.

அதற்குப் பிறகும் அந்த முனைகளை இணைக்க யாரும் போகவில்லை. இணைக்கப் போனால் அறுந்தது தெரிந்துவிடும். ஓடுகிறதை ஏன் கெடுப்பானேன் என்று குடியிருப்புக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். லிஃப்டுக்குள் எல்லோரும் வெயிலைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் மட்டும் பேசுகிறார்கள். புதிதாகக் குடிவருபவர்களுக்குச் சாவியோடு இதையும் படிக்கட்டில் வைத்தே சொல்லிவிடுகிறார்கள்.

ஸ்பிரிங்காரர் தெருவில் எதிர்ப்படும் எல்லோரிடமும், தன் மனைவி தன் வாயாலேயே ஸ்னிப்தான் மேல் என்று ஒப்புக்கொண்ட கதையைச் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் அவளும், “ஆமா, சொன்னேன்” என்கிறாள். பிறகு இருவரும் வீடு திரும்பி லிஃப்டில் ஏறுகிறார்கள். கதவு மூடியதும் அவர் தன் ஸ்னிப்பின் வாய்க்குக் கொக்கி போடுகிறார், தன் வாயையும் மூடிக்கொள்கிறார். அவள் தழும்பு விழுந்த கட்டைவிரலால் பொத்தானை அழுத்துகிறாள். லிஃப்ட் ஏறுகிறது.