இடது கை

பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் மண் டீச்சர். வாரத்துக்கு இரண்டு நாள், மூன்றாம் வகுப்பு வாண்டுகள் முப்பது பேரையும் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்துக் களிமண் வேலை சொல்லிக்கொடுப்பவர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே மட்டும் முறைப்பார்.

வருடக் கடைசிக் கண்காட்சிக்கு அவர் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று.

"மூஞ்சி வேணாம். எல்லாருக்கும்தான் மூஞ்சி இருக்கு. இது நான்தான்னு பாத்தவுடனே தெரியற மாதிரி ஒண்ணு செய்ங்க."

வாயாடி ஒருவன் திறந்த வாயைச் செய்து, நாக்கையும் தொங்கவிட்டான். பந்துப் பைத்தியம் ஒன்று கிழிந்த ஷூவைச் செய்தது. மூலை மேசையில் உட்காரும் ஊமைக்கோட்டான், லிப்ட் மெக்கானிக்கின் மகள், தன் இடது கையைச் செய்தாள். மூன்று பீரியட் முழுக்க அதிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நகம், மடிப்பு, மணிக்கட்டு எலும்பு எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தன.

சூளையில் வைக்கிற அன்று, பள்ளி விட்டபிறகு டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்தார். விரிசலை அடைக்க வேண்டும், ஆடுவதை ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் சுடும்போது வெடித்துத் தொலைக்கும். அதுவரைக்கும் நியாயம். ஆனால் இருபது வருஷப் பழக்கம் அதோடு நிற்குமா? கோணலாக இருந்தால் நிமிர்த்தச் சொல்லும், பிதுங்கியிருந்தால் வழிக்கச் சொல்லும். அப்படியே போய்க்கொண்டிருந்தபோது அந்த இடது கை வந்தது. கட்டைவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல். எண்ணிப் பார்த்தார். ஆறு.

"எண்ணத் தெரியாத கழுதை," என்று செல்லமாகச் சொல்லிக்கொண்டே கத்தியை வைத்து ஒரே இழுப்பு. ஈர ஸ்பாஞ்சால் நாலு தடவு. வெட்டிய தடமே இல்லை. இவ்வளவு நல்ல வேலை பாழாகாமல் காப்பாற்றினோமே என்று திருப்தி வேறு. பிற்பாடு அந்தத் திருப்தியை நினைத்தால்தான் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

கண்காட்சி அன்று, "பிள்ளைங்க வேலையில நான் கையே வைக்கிறதில்லங்க," என்று ஒரு அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தார். அப்போது மெக்கானிக் வந்தார். வேலை உடுப்பு, எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ். பக்கத்தில் மகள், இடது கை பாவாடைப் பைக்குள்.

"டீச்சர், உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். இவ எங்க போனாலும் அந்தக் கைய வெளிய எடுக்க மாட்டா. போட்டோவுக்குக்கூட மாட்டா. போன வாரம் வந்து, 'அப்பா, நான் ஆறு விரலையும் செஞ்சுட்டேன்'னா. இவங்கம்மா அழுதுட்டா."

டீச்சருக்கு அவமானத்தில் காது இரண்டும் சுட்டன. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனுஷி என்ன செய்தார்? புளுகினார்.

"சூளையில ஒரு விரல் உடைஞ்சிடுச்சுங்க. மண்ணுல அப்படி ஆகறது உண்டு."

"அட, பரவால்லங்க. துண்டு இருந்தா குடுங்க, நான் ஒட்டிக்கறேன்," என்றார் அந்த மனிதர். அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

சிறுமி மேசைமேல் இருந்த மண் கையை எடுத்தாள். கட்டைவிரல் ஓரத்தைத் தடவினாள். திரும்பவும் தடவினாள்.

"உடைஞ்சா சொரசொரன்னு இருக்கும் டீச்சர். இது வழவழன்னு இருக்கு."

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் குழந்தைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நான்தான் வெட்டுனேன்மா. சூளையில ஒண்ணும் ஆகல. பொய் சொல்லிட்டேன்."

"அசிங்கமா இருந்துச்சா?"

"இல்லம்மா, இல்ல. நீ தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சேன். உன் கைல ஆறு விரல் இருக்கறதே எனக்குத் தெரியாது."

தெரியாமல் செய்த தப்புதானே, கொஞ்சமாவது மன்னிப்புக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னார். இவ்வளவு நேரம் வாடாத அந்த முகம் அதைக் கேட்டுத்தான் வாடியது.

"மண்ணு பிசையறப்போ ரெண்டு கையும் வெளியதானே வச்சிருப்பேன்," என்றாள். "பாக்கற எல்லாரும் ஏன் இப்படி இருக்குன்னு கேப்பாங்க. நீங்க மட்டும்தான் கேக்கல. பாத்துட்டும் கேக்காம இருக்கீங்கன்னு நெனச்சேன் டீச்சர். அதனாலதான் செஞ்சேன்."

மண் கையை மேசைமேல் வைத்துவிட்டு அப்பாவோடு நடந்தாள்.