குழம்பை வழியனுப்ப வந்தவர்கள்

எங்கள் ஊரிலிருந்து ஒரு குழம்பு வெளிநாட்டுக்குப் போவதானால், அதன் சொந்தக்காரர்கள் எல்லாரும் விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்ப வேண்டும். தாய்மாமன் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பெட்டி ஏறாது. சொந்தக்காரர்கள் என்றால், குழம்புக்குள் போனது போக வீட்டில் மிஞ்சியிருப்பவர்கள். டப்பாவின் அடியில் கிடக்கும் மல்லித்தூள், பாட்டிலில் பாதி நிற்கும் நல்லெண்ணெய், கூடையில் தப்பித்த சின்ன வெங்காயம், இப்படி. மீன் குழம்புக்குப் புளிதான் தாய்மாமன். இதெல்லாம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

என் மகள் ஆவுடை டொராண்டோவில் இருக்கிறாள். வயிற்றில் ஆறு மாதம். மசக்கை மூன்றாம் மாதத்தோடு போய்விடும் என்றார்கள், எங்கே போனது? இருபது நாளாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. மாப்பிள்ளை போனில் அழுதேவிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அம்மா வைக்கிற சாளைமீன் குழம்பு. என் மனைவி செண்பகத்துக்கு விசா கிடைக்கவில்லை. எனக்கும் குழம்புக்கும் கிடைத்தது.

செண்பகம் குழம்பை வைத்து, ஆறவிட்டு, நாலு பொட்டலமாகக் கட்டி, இரண்டு நாள் ஃப்ரீசரில் உறையவைத்துத் தெர்மாகோல் பெட்டியில் அடைத்தாள். உறைந்தபடியே விமானம் ஏறிவிட வேண்டும். வழியில் இளகினால் குழம்புக்கு வீட்டு ஞாபகம் வந்து, வரமாட்டேன் என்று சொல்லிவிடும். சம்மதம் இல்லாத குழம்பை யாரும் கொண்டுபோகக் கூடாது.

வேன் பிடித்துப் போனோம். மல்லித்தூள் ஜன்னலோரம் கேட்டு அடம்பிடித்தது. வெங்காயம் கயத்தாறு தாண்டுவதற்குள் எல்லாரையும் அழவைத்துவிட்டது. ஆனாலும் ஒரே பாட்டும் சிரிப்பும்தான். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை எடை போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"தாய்மாமன் கையெழுத்து, சார்?"

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள், புளியைக் காணோம்.

"என் தம்பி வேன்லயே இருக்கான். இறங்க மாட்டேங்கான்" என்றாள் செண்பகம்.

"ஏனாம்?"

"நீங்க அவனுக்கு எப்படிச் சொன்னீங்க?"

போனில்தான் சொன்னேன். மற்ற எல்லாருக்கும் குங்குமம் வைத்து நேரில்தான் சொன்னேன். புளி ஜாடி இருப்பது அடுக்களையில் மேல் தட்டில். எனக்கு முட்டுவலி. நாற்காலி போட்டு ஏறுவானேன் என்று ஹாலில் உட்கார்ந்தபடியே ஒரு போனைப் போட்டுவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும், சரி. அதற்காக இந்த நேரத்திலா வீம்பு பிடிப்பது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பெட்டிக்குள்ளிருந்து "அம்மா" என்று ஒரு குரல் கேட்டது. மூன்றாவது பொட்டலம் இளக ஆரம்பித்திருந்தது.

"கவுண்டர் மூட இருபது நிமிஷம் இருக்கு சார்" என்ற அந்தப் பெண், சாவியும் பெல்ட்டும் போடுகிற பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்து, அதில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து நீட்டினாள். "தினம் நாலு பேர் இப்படித்தான் வராங்க. நேர்ல போய்க் கூப்பிடுங்க."

தட்டோடு ஓடினேன். வேன் கதவைத் தட்டினேன்.

"மச்சான், வீட்ல இருக்கீங்களா?"

"வாங்க அத்தான், வாங்க. உட்காருங்க" என்றார் புளி. முகம் கறுத்துத்தான் இருந்தது. "தண்ணி குடிக்கியளா?"

"நேரமாச்சு மச்சான்..."

"வீடு தேடி வந்தவங்க காப்பி குடிக்காமப் போனா எப்படி?"

டிரைவரின் பிளாஸ்க்கிலிருந்து காப்பி வந்தது. கொதிக்கக் கொதிக்கக் குடித்தேன். நாக்கு வெந்துபோனது. புளி அவசரமே படவில்லை. மழை பற்றிக் கேட்டார். என் முட்டுவலிக்கு ஒரு தைலம் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது வருஷமாக என் வீட்டுச் சாப்பாட்டில் பாதி அவர். ஒரு நாள்கூட அந்த மேல் தட்டை அண்ணாந்து பார்த்து, நல்லா இருக்கீங்களா என்று நான் கேட்டதில்லை.

"என் தப்புதான் மச்சான். மருமகன் கனடா போறான். நீங்க முன்னால நின்னு நடத்திக் கொடுக்கணும்" என்று தட்டை நீட்டினேன்.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தான் உட்கார்ந்திருந்தேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் வருவதைப் பார்த்து வெங்காயம் குலவை போட்டது. நல்லெண்ணெய் தளும்பித் தரையில் கொஞ்சம் சிந்தியது. கையெழுத்து பிசுபிசுவென்று விழுந்தது.

அதற்குள் மூன்றாவது பொட்டலம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டிருந்தது. புளி பெட்டியருகே குனிந்தார்.

"போயிட்டு வா மக்கா. அங்க உன் அக்கா இருபது நாளா பட்டினி கிடக்கா."

குழம்பு சற்று யோசித்தது. பிறகு மறுபடி உறைந்தது.

டொராண்டோவில் இறங்கினேன். ஆவுடை எலும்பும் தோலுமாக இருந்தாள். உடனே சோறு வடித்து, குழம்பைச் சூடு பண்ணி ஊற்றினேன். முதல் வாய் சாப்பிட்டாள். நானும் மாப்பிள்ளையும் மூச்சு விடவில்லை. இரண்டாவது வாய். வாந்தி வரவில்லை. "அப்பா, நிக்குதுப்பா!" என்று சிரித்தாள். மாப்பிள்ளை மறுபடியும் அழுதார். மனுஷனுக்கு அழுவதைத் தவிர ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. நானும்தான் அழுதேன், என்ன இப்போ?

மூன்றாவது வாய்க்கு, வயிற்றிலிருந்த குழந்தை வெளியே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. நல்ல பசி அதற்கு. நான் முள் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மீன் தின்றுவிட்டுக் கை கழுவியது.

"நல்லா இருக்கு தாத்தா. இன்னும் மூணு மாசம் இருக்குல்லா, வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனது.

ஆவுடை இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.